வேதக்காரங்களா நீங்க? – குமரி எல்லையோரக் குறிப்புகள்

வியாழன் இரவு, மார்த்தாண்டம்

அடுத்த மாதம் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் பேச வேண்டும். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘அன்றாட வாழ்வில் சாட்சி’. சாட்சி என்றால் நம் விசுவாசத்தை மற்றவர்களுக்குத் தெரியப்படுத்துவது. இந்தத் தலைப்புப் பேச்சுகள் எங்கே போய் முடியும் என்று தெரியும். ஆளுக்கு ஒரு கட்டு சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்து, பஸ் ஸ்டாண்டில் விநியோகிக்கச் சொல்வார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நம் கண்ணிலிருந்து மறையும்வரை மரியாதைக்குக் கையில் வைத்திருப்பார்கள். அதையே நானும் சொல்ல மனசில்லை.

மார்த்தாண்டத்தில் இருக்கும் அத்தையிடம் போனில் புலம்பினேன். “இங்க வா மக்களே. இந்தப் பக்கம் விசுவாசம் எப்படி வந்துதுன்னு நாலு எடம் காட்டுதேன். அதையே பேசு” என்றார். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டையில் பஸ் ஏறிவிட்டேன். அன்றன்றைக்கு எழுதிப் போட்டுவிட உத்தேசம்.

முதலில் ஆரல்வாய்மொழி. மாசி மாசம், காற்று அதிகமில்லை. முப்பந்தல் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆட்டோ பிடித்துக் காற்றாடிமலைக்குப் போனேன். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்ற மலை. அங்கே ‘மணியடிச்சான் பாறை’ இருக்கிறது. சின்னக் கல்லால் தட்டினால் மணி மாதிரியே கேட்கிறது. எனக்கு முன்னால் தட்டிக்கொண்டிருந்த பையன்கள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தவர்கள். டீச்சர் கண்ணுக்கு அது தப்பாது. தேவசகாயத்தின் கதையை நாளைக்கு எழுதுகிறேன். அது முடிந்த இடம்தான் இது, தொடங்கிய இடம் உதயகிரி.

அங்கிருந்து மயிலாடி. சிற்பிகள் ஊர். முன்பெல்லாம் உளிச்சத்தம் கேட்கும் என்பார்கள். இப்போது கட்டர் மெஷின்தான். கல்தூள் படிந்த பிள்ளையார்களையும் நந்திகளையும் தாண்டிப் போனால் ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம்.

தெற்குத் திருவிதாங்கூரில் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை தொடங்கியது இந்த ஊரில்தான். பொதுவாக இந்த வரலாற்றை 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியரிலிருந்து ஆரம்பிப்பார்கள். லண்டன் மிஷன் அனுப்பியவர். ஆனால் அவரைக் கூப்பிட்டது யார்? மகாராசன் என்ற மயிலாடிக்காரர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், சிவபக்தர். அவர் போன்றவர்களைக் கோயிலுக்குள் விடாத காலத்தில் சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பியிருக்கிறார். வழியில் தஞ்சாவூரில் உறவினர்களைப் பார்க்கப் போன இடத்தில், அவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். அங்கே கோலாஃப் ஐயர் என்ற மிஷனரியின் பிரசங்கத்தைக் கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார், வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குத் திரும்பிச் சொந்தக்காரர்களிடம் சொன்னார். எதிர்ப்பு வந்தது. அதன்பிறகுதான், எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார்.

இதில் இன்னொன்றும் உண்டு. ரிங்கல்தௌபே உடம்பு கெட்டு 1816இல் கிளம்பிப் போய்விட்டார்; அப்புறம் அவர் என்ன ஆனார் என்றே உலகத்துக்குத் தெரியாது. அடுத்தவரான மீட் ஐயர் 1818இல் வரும்வரை சபையைப் பார்த்துக்கொண்டவர் வேதமாணிக்கம்தான். வெள்ளைக்காரர் யாரும் இல்லாமலே சபை நடந்திருக்கிறது. நம் ஊர் மேடைகளில் மிஷனரிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். தஞ்சாவூரில் அவருக்குச் சோறு போட்டுத் தங்கவைத்த அந்த உறவுக்காரர்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

வெள்ளி இரவு

புலியூர்க்குறிச்சி. தக்கலைக்குப் பக்கம். உதயகிரிக் கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் மான்களைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவர்களையெல்லாம் தாண்டி உள்ளே நடந்தால், கூரையில்லாத பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

1741 குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். பிறகு அரசரிடமே வேலைக்குச் சேர்ந்து, அவருடைய படைக்குப் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) என்று பேர் வாங்கினார். அவர் குருவானவர் இல்லை, உபதேசியார் இல்லை. சரியாகச் சொன்னால் ஒரு போர்க்கைதி.

கோட்டை வேலைகளில் அவரோடு இருந்த அரண்மனை அதிகாரி நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை. அவருக்குத் தொடர்ந்து நஷ்டம்: பயிர் போனது, மாடுகள் செத்தன. முகம் வாடியிருப்பதைப் பார்த்து டிலனாய் என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு யோபுவின் கதையைச் சொன்னார். சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாம் போன ஒருவன், கடவுளோடு வழக்காடியும் அவரை விட்டுப் போகாத கதை. அந்தப் பேச்சு அத்தோடு நிற்கவில்லை, தொடர்ந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், தேவசகாயம் என்ற பெயர். 1749இல் கைது. பிறகு எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அடித்தார்கள். தாகத்தில் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்ததாக மக்கள் நம்பும் முட்டிடிச்சான் பாறை இங்கேயே பக்கத்தில் இருக்கிறது. ஒரு பெண் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நேற்று நான் பார்த்த மலை. உடலைக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல் குடும்பஸ்தராக இருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர்.

கல்லறை முன்னால் நின்றபோது எனக்கு நினைவு போனது டிலனாயின் மகன்மேல். பத்தொன்பது வயதில் களக்காட்டுச் சண்டையில் செத்த பையன். அப்பா பக்கத்திலேயே கிடக்கிறான். களக்காடு எங்கள் ஜில்லா. யோபுவின் கதையை அடுத்தவருக்குச் சொன்னவர், பல வருஷம் கழித்துத் தனக்கே அதைச் சொல்லிக்கொள்ள வேண்டி வந்திருக்கிறது.

அத்தை வீட்டில் ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சாட்சி பின்னால் போய்விடும்.

சனி இரவு

இன்றைக்கு நெய்யூர் போவதாக இருந்தது. போனேன். ஆனால் எழுத வேண்டியது போகிற வழியில் நடந்தது.

மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடை. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் கேரளத்திலிருந்து வந்த பெண்கள் இருமுடியோடு கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ‘அம்மே நாராயணா, தேவி நாராயணா’ என்ற சத்தம் பஸ்ஸுக்குள்ளும் தொடர்ந்தது. என் பக்கத்தில் பாறசாலைப் பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு, பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்தார்.

“வேதக்காரங்களா நீங்க?”

எங்கள் தென்பக்கத்தில் கிறிஸ்தவர்களை ஊரில் சொல்லும் பெயர்தான் இது. ஆனாலும் அந்த பஸ்ஸில் அந்தக் கேள்வி கொஞ்சம் குத்தியது. 1982இல் இதே மாசிக் கொடை சமயத்தில்தான் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. துப்பாக்கிச்சூடு, சாவு, எரிந்த வீடுகள். இந்த மாவட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இரண்டு பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. ஒலிபெருக்கிச் சத்தமும் மேடையில் அடுத்த சாமியைத் திட்டுகிற பேச்சும் என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்த ஊர். இங்கே சாட்சி பற்றிப் பேசுகிறவர்கள் அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது என்பது என் கருத்து.

“ஆமாம்மா” என்றேன்.

“நான் நெய்யூர் ஆஸ்பத்திரியிலதான் பெறந்தேன். எனக்க அம்மை சொல்லும். ரெண்டு நாள் வலி. ஒரு நர்ஸம்மா வீட்டுக்குப் போகாம ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தாங்களாம்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். மகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. இப்போது மறுபடி மூன்று மாதம். அதற்காகத்தான் இந்த இருமுடி. “நான் அம்மைகிட்டச் சொல்லப் போறேன். நீங்க உங்க ஆண்டவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்த சில ஊழியக்காரர்கள் இந்த இடத்தில் அந்த இருமுடியைப் பற்றி உபதேசம் ஆரம்பித்திருப்பார்கள். வேறு சிலர், நமக்கேன் வம்பு என்று சிரித்து வைத்திருப்பார்கள். நான் அவர் கையைப் பிடித்து, பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காத அளவில், மகளுக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபித்தேன். இரண்டு மூன்று வாக்கியம்தான். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

பஸ் ஒரு வளைவில் குலுங்கியது. “உங்க வேதத்துல பிள்ளைக்காக அழுதவங்க கதை உண்டுமா?” என்றார். உண்டு என்றேன். அன்னாளின் கதையைச் சொன்னேன். வருஷா வருஷம் சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போவாள். உதடு மட்டும் அசைய அழுது ஜெபிப்பாள். அதைப் பார்த்து ஆசாரியனே இவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறான். “அடப் பாவி!” என்றார் அந்த அம்மா, சத்தமாகவே. முன்சீட்டிலிருந்த பெண்ணும் திரும்பிக் கேட்க ஆரம்பித்தார். அன்னாளுக்கு மகன் சாமுவேல் பிறக்கவும் திங்கள்சந்தை வரவும் சரியாக இருந்தது. “செரி மக்களே” என்று என் தோளைத் தட்டிவிட்டு மண்டைக்காடு பஸ்ஸைத் தேடிப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

நெய்யூரில் டாக்டர் ராம்சே 1838இல் வைத்தியம் ஆரம்பித்தார். ஆனால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பேர் சோமர்வெல். 1922 எவரெஸ்ட் பயணத்தில் போன மலையேறி. அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூர் வந்தார். காத்துக்கிடக்கும் கூட்டத்தையும் தனியாகத் திண்டாடும் ஒரு டாக்டரையும் பார்த்தார். சில வாரம் கூட நின்று ஆபரேஷன் செய்தார். லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு 1923இல் இங்கேயே வந்துவிட்டார். அப்போது இங்கே நிறையப் பேருக்கு வயிற்றுப் புண். அதற்கான அறுவை சிகிச்சையில் பேர் வாங்கினார். அடுத்த வருஷம் மறுபடியும் எவரெஸ்ட்டுக்குப் போய்விட்டு, திரும்பி நெய்யூருக்கே வந்தார்.

அத்தையின் சிநேகிதி ஒருவர், மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், மட்டிப் பழமும் சாயாவும் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் ஜெபிப்பீர்களாமே என்று கேட்டேன்.

“ஜெபிக்கட்டுமான்னு கேப்போம். வேண்டாம்னா வேண்டாம். வேண்டாம்னு சொன்ன ஆளுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு பெட்பேன் வைக்கும்போது நம்ம முகம் எப்படி இருக்குதுங்கறதுதான் காரியம்” என்றார்.

ஞாயிறு இரவு

காலையில் ஆராதனை. மத்தியானம் களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் அத்தையின் நாத்தனார் வீடு. எல்லை எங்கே என்று கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரிகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். இந்த வீட்டில் பெரியம்மா தமிழ் வேதாகமம் வாசிக்கிறார், பேத்தி மலையாளத்தில் பாடுகிறாள்.

அந்தப் பேத்தி மூன்றாம் வகுப்பு. ஓய்வுநாள் பள்ளியில் படித்த பாட்டைப் பக்கத்து வீட்டுச் சிநேகிதிக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளை அதைத் தன் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் பாடியிருக்கிறது. பேத்தியின் அம்மாவுக்குக் கொஞ்சம் பயம், ஏதாவது பிரச்சினையாகிவிடுமோ என்று. பக்கத்து வீட்டுச் சேச்சி சிரித்தாராம்: “ஓணத்துக்கு அத்தப்பூ போட இவளுக்கு நாங்க சொல்லிக் கொடுத்தோம்ல?”

மிஷனரியாக வந்த சவேரியார் 1544இல் எழுதிய ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. முத்துக்குளித்துறை ஊர்களில் கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவாராம். கற்றுக்கொண்ட ஜெபங்களை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்புவாராம். தமிழ் சரியாகப் பேச வராத அவருக்குப் பிள்ளைகள்தான் வாய்.

ராத்திரி அத்தானிடம் பேச்சு வந்தது. குழித்துறை கோர்ட்டில் வக்கீல். “சேச்சி சிரிச்சா சரி. வேற யாராவது கேஸ் போட்டா?” என்று கேட்டேன். அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது என்றார். 1977 ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு வரம்பு சொன்னது: தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு கைவிடப்பட்டது. “ஆனா இதெல்லாம் கோர்ட்டுக்கு. பஸ்ஸுல நீ கையப் பிடிச்ச அம்மாவுக்கு எந்தப் பிரிவும் வேண்டாம்” என்று அத்தான் முடித்தார்.

திங்கள் இரவு

கடைசி இடம் தேன்காரர் வீடு. மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விட்டிருக்கிறது. தேன் சுரப்பது பூவில் இல்லை, அந்த இளம் இலைக் காம்பில். தேனீப் பெட்டிகளை இங்கே கொண்டுவந்து வைக்க அதுதான் காரணம்.

இந்தத் தொழில் இங்கே வேர்விட்டதற்கும் என் தலைப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று அத்தை சொல்லியிருந்தார். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். ஆவி, அறிவு, உடல், சமூகம், பொருளாதாரம் என்று ஐந்தையும் சேர்த்துத்தான் மனிதனைத் தூக்க முடியும் என்பது அவர் கொள்கை. தேனீ, கோழி, நெசவு என்று என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களின் மதத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கவில்லை.

நான் வந்த நாளிலிருந்து மனதில் ஓடுவதைத் தேன்காரரிடம் சொன்னேன். கைப்பிரதியும் மைக்கும் வேண்டாம், வாழ்ந்து காட்டினால் போதும், கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று. அவர் புகைமூட்டியைக் கீழே வைத்தார்.

“டீச்சரே, அப்படியெல்லாம் முடிச்சிராதீங்க. நல்லவனா இருக்கிறதுக்கு எல்லா மதத்துலயும் ஆள் உண்டு. என் பக்கத்து வீட்டு நாயர் என்னவிட நல்ல மனுஷன். நான் வாயத் தெறக்கலன்னா, ஏசுவப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? டிலனாய் முகத்தப் பாத்து விசாரிச்சாரு, செரி. ஆனா யோபு கதைய யாரு சொன்னா? அவருதான வாயத் தெறந்து சொன்னாரு?”

“அவர் முதலில் காதைத் திறந்தார் அண்ணே” என்றேன்.

“அது செரிதான். ஆனா ரெண்டையும் தெறக்கணும்.”

நாயரிடம் பேசியிருக்கிறீர்களா என்று கேட்டேன். வருஷக்கணக்காகப் பேசுகிறாராம். நாயர் கீதையைச் சொல்வார், இவர் மலைப்பிரசங்கத்தைச் சொல்வார். இரண்டு பேரும் மாறவில்லை. நாயருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி வண்டி எடுத்தது இவர்; இவர் பையன் கல்யாணத்துக்குப் பந்தல் கட்ட நின்றது நாயர். “அவரு மாறுனாதான் பேசுவேன்னா அது வியாபாரம்லா?” என்று சொல்லிவிட்டு தேனீப் பெட்டியிலிருந்து ஒரு மரச்சட்டத்தைத் தூக்கி வெயிலில் காட்டினார். அடைகள் பாதி மூடியிருந்தன. எடுக்க இன்னும் பத்து நாளாவது ஆகும் என்றார். எனக்குப் போன வருஷத்துத் தேன்தான் கிடைத்தது.

சங்கத்தில் மகாராசனின் தஞ்சாவூர் உறவினர்களையும், போர்க்கைதி டிலனாயையும், நெய்யூர் நர்ஸம்மாவையும் பற்றிப் பேசப்போகிறேன். தேன்காரரின் எதிர்வாதத்தையும் அப்படியே சொல்லிவிடுவேன். தலைவியம்மா கைப்பிரதிக் கட்டை எடுத்தால் தடுக்கப் போவதில்லை, ஆனால் கொடுக்கிற ஆளிடம் ஒரு நிமிஷம் நின்று பேசிவிட்டுக் கொடுக்கச் சொல்வேன்.

நாளைக் காலை முதல் பஸ். வடசேரியில் இறங்கி மாற வேண்டும்.